மூன்று வருஷம் பிந்திக் காய்க்கும் விலை

கோவை ரங்கே கவுடர் வீதியிலோ போடியிலோ மிளகு வியாபாரம் பார்ப்பவர்களிடம் வியட்நாம் மிளகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் மிளகாங்க? பார்க்க நல்லாருக்கும், வாயில போட்டா ஒண்ணும் இருக்காது." இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, சந்தையைப் பறிகொடுத்தவர்களின் வயிற்றெரிச்சல்.

தானியத்தையும் மசாலாச் சரக்கையும் சுத்தம் செய்யும் இயந்திரங்களைப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. சல்லடை, கல் பிரிப்பான், நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர், இந்த வகை. அந்த வேலையாக ஹோ சி மின் நகரத்தைச் சுற்றியிருக்கும் மிளகு ஆலைகளில் சில காலம் இருக்க வாய்த்தது. விடுமுறை கிடைத்தால் மலைப்பக்கம் பஸ் ஏறிவிடுவேன். என் தாய்மாமாவுக்குக் கொடைக்கானல் மலைப்பக்கத்துத் தாண்டிக்குடியில் காபித் தோட்டம், அதற்கு ஊடே மிளகு. அதனால் மிளகுக் கொடியைப் பார்த்தால் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2024-இல் வியட்நாம் ஏற்றுமதி செய்த மிளகு சுமார் இரண்டரை லட்சம் டன். கிடைத்த பணம் சுமார் 131 கோடி டாலர். உலகச் சந்தையில் கைமாறும் மிளகில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு நாட்டிலிருந்து போகிறது. அவர்கள் சாப்பிடுவது கொஞ்சம்தான். உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சையும் குழைத்து நண்டுக்கும் கோழிக்கும் தொட்டுக்கொள்வார்கள், மண்சட்டியில் மீனைச் சுண்டவைக்கும்போது கொஞ்சம் தூவுவார்கள். ரசம், பொங்கல், பெப்பர் சிக்கன் என்று அள்ளிப் போடும் ஊர் அல்ல. விளைவதில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கப்பல் ஏறத்தான்.

மிளகின் தாய்வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. முசிறி, யவனர் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே இழுக்கப் போவதில்லை. வியட்நாமில் மிளகு பெரிய அளவில் வேர்விட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில், தென்மேற்கு மூலையில் ஹா தியென், ஃபூ குவோக் தீவுப் பக்கம். கடல் வழியே வந்து குடியேறிய சீனர்கள், குறிப்பாக ஹைனான் தீவுக்காரர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கம்போடியாவின் கம்போட்டிலும் இந்தப் பக்கமும் கொடி நட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். அப்புறம் போர்கள் வந்தன, தோட்டங்கள் குறுகிப்போயின. 1986-இல் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் சில ஆயிரம் ஹெக்டேரில்தான் மிளகு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் உலக விலை உச்சிக்குப் போனபோதுதான் எல்லாம் மாறியது. 2000-இல் ஏறக்குறைய 28,000 ஹெக்டேர். அடுத்த ஓரிரு வருஷத்தில் ஏற்றுமதியில் இந்தியாவைத் தாண்டி முதலிடம். பரப்பளவில் நம்மில் ஒரு சிறு பங்கே இருந்த நிலையில் தாண்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எப்படி என்பதற்கு மத்திய மலைநாட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஜியா லாய், டாக் லாக், டாக் நோங், அதற்குத் தெற்கே பின் ஃபூக், டோங் நாய், பா ரியா வுங் டாவ். இவைதான் மிளகு மாகாணங்கள். (2025 ஜூலையில் மாகாணங்களை ஒன்றோடொன்று இணைத்ததில் டாக் நோங் லாம் டோங்குக்குள்ளும் பின் ஃபூக் டோங் நாய்க்குள்ளும் போய்விட்டன. விவசாயிகளும் வியாபாரிகளும் இன்னும் பழைய பெயரில்தான் பேசுகிறார்கள், நானும் அப்படியே.) எரிமலைப் பாறை கரைந்து உண்டான செம்மண், தோண்டத் தோண்டச் சிவப்பு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை கிடையாது, கிணற்றுத் தண்ணீர் பாயும். ஜியா லாயில் சூ செ என்ற ஊர் மிளகுக்கே பேர்போனது.

தாண்டிக்குடியில் மாமாவின் கொடிகள் சில்வர் ஓக்கிலும் கல்யாண முருங்கையிலும் ஏறியிருக்கும். கீழே காபி, இடையிடையே மலைவாழை, எங்காவது ஓர் ஆரஞ்சு. மிளகு அங்கே தனிப்பயிர் அல்ல, தோட்டத்தின் உபரி வருமானம். காபி காலை வாரும் வருஷம் மிளகு கைகொடுக்கும். சூ செவில் நான் பார்த்தது வேறு. மரமே இல்லாத வெட்டவெளியில் வரிசை வரிசையாகத் தூண்கள். சில இடத்தில் காட்டு மரக் கட்டை, சில இடத்தில் கான்கிரீட், சில இடத்தில் செங்கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டிய கோபுரம். இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 1,600 தூண். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை இலை தெரியாமல் சரம். கல்யாண மண்டபத்தில் பூச்சுற்றிய தூண்களைப் போல் நின்றன. நல்ல தூணில் மூன்று, நான்கு கிலோ காய்ந்த மிளகு இறங்கும் என்றார்கள். காய்க்கும் கொடிகளை மட்டும் எடுத்தால் நாட்டின் சராசரியே ஹெக்டேருக்கு இரண்டரை டன் அளவில் இருந்தது. கேரளத்தின் சராசரி அரை டன்னுக்கும் கீழே.

நிழல் இல்லை, அதனால் வெயில் முழுக்கக் கொடிக்கு. ஊடுபயிர் இல்லை, அதனால் உரம் முழுக்கக் கொடிக்கு. ஒரு ஹெக்டேர், இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பம் நாள் முழுக்கத் தோட்டத்திலேயே கிடக்கும், அதனால் கவனிப்பும் முழுக்கக் கொடிக்கு. அங்கே நடும் ரகங்களில் 'இந்திய மிளகு' என்று ஒன்று உண்டு. கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பன்னியூர்-1 அந்தப் பெயரில்தான் உலவுகிறது. நாம் கண்டுபிடித்த கொடியை அவர்கள் நம்மைவிட நன்றாக வளர்த்தார்கள் என்று நம் ஊர்க் கூட்டங்களில் சொன்னால் யாருக்கும் ரசிக்காது. இருந்தாலும் அதுதான் நடந்தது.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. நம் பத்திரிகைகள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகின்றன.

மிளகுக் கொடி நட்டு முறையாகக் காய்க்க மூன்று வருஷம் பிடிக்கும். விலை ஏறும்போது நடுகிறவன் அந்த விலைக்கு விற்கப் போவதில்லை, மூன்று வருஷம் கழித்து என்ன விலையோ அதற்குத்தான் விற்பான். அந்த விலையைத் தீர்மானிப்பது அவனைப் போலவே அதே நேரத்தில் நட்ட லட்சம் பேர். 2015-இல் வியட்நாமில் கிலோ 2,00,000 டோங்கைத் தாண்டியது. நம் கணக்கில் அன்றைக்கு ஏறக்குறைய 600 ரூபாய். காபிச் செடியைப் பிடுங்கினார்கள், ரப்பரை வெட்டினார்கள், வங்கியில் கடன் வாங்கித் தூண் வாங்கினார்கள். அந்நாட்டு வேளாண் அமைச்சகம் போட்டிருந்த திட்டப்படி மிளகுக்கு 50,000 ஹெக்டேர் போதும். 2017-இல் நின்றது ஒன்றரை லட்சம் ஹெக்டேர்.

கொடிகள் காய்த்தபோது கணக்கு வெளியே வந்தது. 2016-இல் 1.78 லட்சம் டன் ஏற்றி அனுப்பி 143 கோடி டாலர் வாங்கிய நாடு, 2019-இல் 2.84 லட்சம் டன் அனுப்பி வாங்கியது எழுபது கோடி டாலர் சொச்சம். சரக்கு ஒரு லட்சம் டன் கூடுதல், பணம் பாதி. 2020 தொடக்கத்தில் தோட்டத்து விலை 35,000 டோங். சுமார் 110 ரூபாய். பறிப்புக் கூலிக்கே காணாது என்று கொடியிலேயே விட்டவர்கள் உண்டு.

விலை மட்டும் விழுந்திருந்தால் காத்திருந்து எழுந்திருப்பார்கள். கொடியும் விழுந்தது. ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிரி மண்ணில் இருக்கும், மழைத் தண்ணீரோடு ஓடும். வேரைப் பிடித்துவிட்டால் இன்று பச்சையாக நின்ற கொடி பத்து, பதினைந்து நாளில் இலையெல்லாம் உதிர்ந்து கருகி நிற்கும். நம் ஊரில் விரைவு வாடல் என்பார்கள். நூற்புழு வேரை அரித்து வருஷக்கணக்கில் மஞ்சளாக்கிக் கொல்வது மெதுவாடல். இரண்டும் தாண்டிக்குடியிலும் உண்டு, குடகிலும் உண்டு. ஆனால் இங்கே ஒரு கொடி போனால் அடுத்த கொடிக்கு நடுவே நாலு காபிச் செடி நிற்கும். சூ செவிலும் பக்கத்துச் சூ புவிலும் அடுத்த கொடி இரண்டரை மீட்டரில். தண்ணீர் தேங்கட்டும் என்று கொடியடியில் பாத்தி வெட்டும்போது வேர் அறுபடும், அறுந்த இடத்தில் நோய் நுழையும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டியதில் மண் புளித்துப்போயிருந்தது. எது ஹெக்டேருக்கு நாலு டன் கொடுத்ததோ அதுவே தோட்டத்தைக் கொன்றது. 2016-க்குப் பிறகு இரண்டு, மூன்று மழைக்காலத்தில் ஜியா லாயில் மட்டும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காய்ந்துபோனது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கன்வேயர் பக்கம் நின்ற தம்பி ஒருவன் சூ புக்காரன். கொஞ்சம் ஆங்கிலம், மீதிக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு, அப்படித்தான் பேசிக்கொள்வோம். அவன் அப்பா அம்மா இரண்டாயிரம் தூணுக்குக் கடன் வாங்கியவர்கள். ஒரே மழைக்காலத்தில் முக்கால்வாசி போய்விட்டது. வங்கிக் கடனை அடைக்க வெளியே கந்துவட்டிக்கு வாங்கி, அதையும் கட்ட முடியாமல், அண்ணன் தம்பி இருவரும் ஆலை வேலைக்கு இறங்கிவிட்டார்கள். "ஊரில் கிழவர்களும் தூண்களும்தான் இருக்கிறார்கள்" என்று கைபேசி அவன் சொன்னதைத் தமிழில் காட்டியது. மொழிபெயர்ப்புச் செயலிகளை நான் நம்புவதில்லை, அந்த வாக்கியத்தை நம்பினேன். அவன் தினமும் மூட்டை பிரித்துக் கொட்டியது அடுத்தவர் தோட்டத்து மிளகு.

வாடலுக்கு மருந்து உண்டு. மெட்டலாக்சில். அதை அளவின்றி ஊற்றினார்கள், ஊற்றியது மிளகில் தங்கியது. 2017 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியம் மிளகில் இருக்கலாம் என்று விட்டுவைத்திருந்த மெட்டலாக்சில் அளவைப் பாதியாகக் குறைக்கக் கிளம்பியபோது வியட்நாம் மிளகு வட்டாரத்தில் பெரும் பதற்றம். அவசரமாகப் பேசித் தள்ளிப்போட வைத்தார்கள். அதற்குப் பிறகு 'மருந்தில்லாத மிளகு' என்று தனி விலை, தனிக் கிடங்கு, தனி ஒப்பந்தம் எல்லாம் பெருகின.

தரம் பற்றிய பேச்சுக்கு வருவோம். வியட்நாமில் மிளகை லிட்டர் எடையில் பேசுகிறார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் நிரப்பினால் 500 கிராம் நின்றால் ஒரு விலை, 550 நின்றால் வேறு விலை. பொக்கு மிளகை ஊதித் தள்ளி, கல் பொறுக்கி, சுருள் பாதையில் உருட்டி, உருளாத காம்பைப் பிரித்து, கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, திரும்பக் காயவைத்து மூட்டை பிடிப்பார்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் கன்டெய்னர் திரும்பிவிடலாம், அதனால்தான் இந்த நீராவி. நீராவி பட்டால் வாசனை எண்ணெய் கொஞ்சம் போகத்தான் செய்யும். நம் வியாபாரிகள் குறை சொல்வது இந்த மிளகைத்தான். நேரே தோட்டத்தில் தார்ப்பாயில் மூன்று நாள் வெயிலில் காய்ந்த சூ செ மிளகை நான் கடித்துப் பார்த்திருக்கிறேன். காரத்தில் குறையே இல்லை. மணத்தில் வயநாட்டு மிளகு ஒரு படி மேலே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உலகத்து மிளகில் பெரும்பகுதி மணத்துக்காக வாங்கப்படுவதில்லை. சாசேஜுக்கும் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கும் அரைத்துப் போட ஒரே அளவாக, சுத்தமாக, சொன்ன தேதிக்கு வரவேண்டும். அதைச் செய்தவன் ஜெயித்தான்.

கலப்படம் அங்கேயும் உண்டு. 2018 ஏப்ரலில் டாக் நோங்கில் காபிக் கழிவையும் கல் தூளையும் பேட்டரிக் கரியால் கறுப்பாக்கி வைத்திருந்ததைப் போலீஸ் பிடித்தது. காபியில் கலக்க என்றுதான் முதலில் செய்தி பரவி நாடே கொதித்தது. விசாரித்தால் அது மிளகில் கலக்க. பப்பாளி விதையோடு நிறுத்திக்கொண்ட நம் ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

அந்த விலைச் சரிவின் இன்னொரு முனை நம் பக்கம் இருந்தது. வியட்நாமில் கிலோ இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பது கொச்சியில் நானூறு என்றால் சரக்கு சும்மா இருக்குமா? வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் (தென்கிழக்கு ஆசிய) நாடுகளிலிருந்து வரும் மிளகுக்கு அப்போது இந்தியாவில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் சுங்கம். இலங்கையிலிருந்து வந்தால் தடையில்லா வர்த்தக ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 2,500 டன் வரை சுங்கமே கிடையாது, அதற்கு மேல் போனாலும் தெற்காசிய ஒப்பந்தத்தில் எட்டு சதவீதம்தான். ஆகவே வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் வந்தது. 2017 டிசம்பரில் இந்தியா கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் இறக்குமதி கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தது. உடனே காகிதத்தில் விலை 500 ஆனது, ஏற்றுமதிக்கென்று வரி விலக்கில் கொண்டுவந்த சரக்கு உள்ளூர்ச் சந்தையில் கசிந்தது.

இதில் உண்மையில் அடிபட்டவர்கள் மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு விவசாயிகள். இலங்கை மிளகில் காரம் தரும் பைப்பரின் அதிகம், அதனால் கேரளத்தில் மிளகுச் சத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கு அது எப்போதும் பிடித்த சரக்கு. தங்கள் பெயரில் வேறு நாட்டு மிளகு போவதைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். 2019 டிசம்பரில் இலங்கை அரசு மிளகு முதலிய பொருள்களை இறக்கி மறுஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. கேரள எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் வியட்நாமைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டவேண்டியது சான்றிதழ் வாங்கித் தந்தவர்களை. அவர்கள் பேசுவது வியட்நாம் மொழி அல்ல.

இப்போது நிலைமை தலைகீழ். 35,000 டோங் காலத்தில் தோட்டத்தைக் கைவிட்டவர்கள் துரியன் பழமரம் நட்டார்கள். 2022-இல் சீனா வியட்நாம் துரியனை முறைப்படி உள்ளே விட ஒப்புக்கொண்டதும் துரியன் பைத்தியம் பிடித்தது. காபி விலையும் ஏறியது. மிளகுப் பரப்பு ஒன்றரை லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது, 2024 விளைச்சல் சுமார் 1.7 லட்சம் டன். ஏற்றுமதி இரண்டரை லட்சம் என்று மேலே சொன்னேனே, மீதி எங்கிருந்து? பழைய இருப்பு. அப்புறம் கம்போடியா, இந்தோனேசியா, பிரேசிலிலிருந்து வாங்கிச் சுத்தம் செய்து அனுப்புவது. நான் பூட்டிய ஓர் இயந்திரத்தில் முதலில் ஓட்டிய சரக்கே பிரேசில் மிளகுதான்.

விலை 2024 ஜூனில் சில நாள் 1,80,000 டோங்வரை ஏறி இறங்கியது. காபியும் துரியனும் கையில் காசு கொடுத்ததால் மிளகை அவசரமாக விற்கத் தேவையில்லாத குடும்பங்கள் நிறைய. நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது. மூட்டை கட்டி வீட்டில் அடுக்கிவிட்டு, மகளுக்குக் கல்யாணமோ டிராக்டரோ வரும்போது பத்து மூட்டை இறக்குகிறார்கள். ஏற்றுமதியாளர்கள் அறுவடைக்கு முன்பே விலை பேசிவிட்டு, சரக்கு வெளியே வராமல் கையைப் பிசைந்ததை நேரில் பார்த்தேன். வீட்டில் இடமில்லாதவர்கள் ஊர் ஏஜென்ட் கிடங்கில் விலை பேசாமல் போட்டுவைப்பார்கள், வேண்டும்போது அன்றைய விலைக்குக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஏஜென்ட் அதை அன்றே விற்றுப் பணத்தைச் சுழற்றிவிடுவார். விலை ஏறினால் திருப்பித் தரப் பணம் இருக்காது, ஒரு நாள் காலையில் கடை பூட்டியிருக்கும். விலை விழுந்தாலும் விவசாயிக்கு அடி, ஏறினாலும் சில ஊர்களில் விவசாயிக்கு அடி.

அமெரிக்காதான் முதல் வாடிக்கையாளர், 2024-இல் கால் பங்குக்கும் மேல் அங்கே போனது. 2025 ஏப்ரலில் 46 சதவீத வரி என்று அறிவிப்பு, பிறகு அது 20 ஆனது, நவம்பரில் மசாலாப் பொருள்களுக்கு விலக்கு வந்தது. மிளகு அமெரிக்காவில் விளையாது என்பது ஏழு மாதம் கழித்துத்தான் அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

வியட்நாமில் இப்போது மறுபடி நடுகிறார்கள், ஆனால் பழைய வேகத்தில் இல்லை. சூ செவில் புதிதாக நட்டவர்களிடம் பார்த்தேன். தூணுக்குப் பதில் உயிர்மரம், கீழே காபி, நடுவே துரியன், தண்ணீர் தேங்காமல் வடிகால். ஏறக்குறைய தாண்டிக்குடி. ஹெக்டேருக்கு ஒன்றரை டன் வந்தால் போதும் என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் காலித் தூண்களோடு நின்ற தோட்டமும் அவருடையதுதான்.

ஊருக்கு வந்ததும் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்போது இங்கே கிலோ 650, 700 என்று போய்க்கொண்டிருந்தது, அவருக்குக் கை அரித்தது. மேட்டுப் பக்கம் காபியை எடுத்துவிட்டு கான்கிரீட் தூண் போட்டுத் தனியாக மிளகு வைக்கலாம் என்று யூடியூபில் பார்த்திருக்கிறார். கர்நாடகத்தில் நிறையப் பேர் போட்டுவிட்டார்களாம். மூன்று வருஷம் கழித்து என்ன விலை இருக்கும் மாமா என்று கேட்டேன். "மாப்ள, நாற்றுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார்.